மேடம் எடுத்த புள்ளி

மேடம் வாழைப்பழம் சாப்பிடுவதை நான் ஏழு வருடம் பார்த்திருக்கிறேன். தோலை முழுவதும் உரித்துத் தட்டில் வைப்பார். சின்னக் கத்தியால் மேல்முனையை வெட்டுவார், கீழ்முனையை வெட்டுவார். கன்றிப்போன இடம் இருந்தால் அதைச் சுற்றிக் குடைந்து எடுப்பார். பிறகு மிச்சத்தைச் சாப்பிடுவார். சில நாள் ஒரு விரல் நீளம்கூடத் தேறாது. தட்டில் கிடப்பதை நான் கொண்டுபோய்க் கொட்டுவேன். நல்ல பழம்தான், தின்னலாமே என்று சொல்லத் தோன்றும். சொன்னதில்லை. எனக்கு யாரிடமும் சட்டென்று பேச வராது. தலையை ஆட்டுவேன். என் பேச்சு அவ்வளவுதான்.

ஒருநாள் நான் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றதை அவர் கவனித்துவிட்டார்.

"ஒட்டாதத எடுத்துட்டா ஆன்ட்டி, மிச்சம் எல்லாம் அழகாயிடும்" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்கு ஒன்றும் ஆகாது.

ஆயர் குரோவில் தொழிற்பேட்டைப் பக்கம் மூன்று மாடிக் கட்டடம் அது. ரப்பர் கையுறை செய்கிற ஒரு கம்பெனியும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சிக்கூடம். வாசலில் இரண்டு பெயர்ப்பலகை இருக்கும், இரண்டையும் நான்தான் துடைப்பேன். இடமும் மெஷினும் கம்பெனி கொடுத்தது. படித்த ஆட்களையும் மாணவர்களையும் பல்கலைக்கழகம் கொடுத்தது, தன் பெயரையும் கொடுத்தது. பெயர்தான் பெரிசு என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். தன் கையுறை நல்லது என்று கம்பெனியே சொன்னால் எவன் நம்புவான்? பல்கலைக்கழகம் சொன்னால் நம்புவான்.

மேடம் அந்த இரண்டு பக்கத்துக்கும் சொந்தம். கழுத்தில் மாட்டுகிற அட்டையும் அவரிடம் இரண்டு. சிவப்புக் கயிறு கம்பெனிக்கு, நீலக் கயிறு பல்கலைக்கழகத்துக்கு. முதலாளிமார் வருகிற நாளில் சிவப்பு. கையுறையைப் போட்டுப் பார்க்க எங்கள் பிளாட்டுக்கு ஆள் தேடி வந்த நாளில் நீலம். பிள்ளைகள் படிக்கிற இடத்திலிருந்து டாக்டர் வந்திருக்கிறார் என்று பெண்கள் ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். அவர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

தீபாவளி வந்தால் கீழ்த்தளத்தில் வண்ண அரிசிக் கோலம் போடுவார்கள். ஒரு வருடம் மயில் கோலம். நீல அரிசிக்குள் மஞ்சள் அரிசி கொஞ்சம் சிந்திவிட்டது. யார் கண்ணுக்கும் தெரியாது. மேடம் மாடிக்குப் போய், லேபில் பொடிச் சாமான் எடுக்கிற இடுக்கியைக் கொண்டுவந்தார். பட்டுச்சேலை கட்டியிருந்தவர், தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு மஞ்சள் அரிசியாகக் கிள்ளி எடுத்தார். அரை மணி நேரம். எடுத்ததை என் உள்ளங்கையில் போட்டார். "பாத்தீங்களா ஆன்ட்டி? இப்ப மயிலு பேசும்லா."

மயில் பேசவில்லை. ஆனால் சுத்தமாக இருந்தது. நானும் அன்றைக்கு, கைக்காரி என்று மெச்சிக்கொண்டேன்.

மெச்சாமல் எப்படி இருப்பேன்? எனக்குக் கண்ணில் புரை விழுந்து, வாளியில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று கை விட்டுப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அடுத்த வருடம் வரச் சொல்லி நாள் கொடுத்திருந்தார்கள். மேடம் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தார். போனை எடுத்து மலாயில் யாரிடமோ இரண்டு நிமிடம் பேசினார். அடுத்த மாதமே ஆபரேஷன். கட்டை அவிழ்த்த மறுநாள் வேலைக்கு வந்தபோது நான் தெளிவாகப் பார்த்த முதல் முகம் அவருடையது. கும்பிட்டேன். "ஐயோ ஆன்ட்டி, என்ன இது" என்று கையைப் பிடித்துக்கொண்டார். குளிர்ந்த கை, வழவழப்பான கை.

அவரும் எங்களைப் போல ரப்பர் தோட்டத்துப் பிள்ளைதான். லூபோக் சீனா பக்கம். இது அவர் சொல்லி எனக்குத் தெரிந்ததில்லை. ஒருநாள் காலை ஒரு கிழவி லேப் வாசலில் வந்து நின்றாள். காலில் சிலிப்பர், கையில் பிளாஸ்டிக் பையில் மரவள்ளிக்கிழங்கு.

"எம்மவ இங்கதான் டாக்டரா இருக்கு. கூப்புடும்மா" என்றாள்.

அதே கன்னக்குழி. கேட்கவே வேண்டியதில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அந்த நேரம் பார்த்து மேடம் ஜப்பான்காரர்கள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார். கழுத்தில் சிவப்புக் கயிறு. தாயைப் பார்த்தார். ஒரு வினாடி நின்றார். பிறகு அதே சிரிப்போடு அந்த ஆட்களிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது ஒரே வார்த்தை. வாலன்டியர். கையுறையைப் போட்டுப் பார்க்க வருகிற பெண்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

ஜப்பான்காரர்கள் குனிந்து வணக்கம் சொன்னார்கள். ஒருவர் அந்தக் கிழவியின் கைகளைக் காட்டச் சொன்னார். அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் திருப்பித் திருப்பிக் காட்டினாள். பால்வெட்டின கை, காய்த்துப் போயிருந்தது. அவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

"நல்லா இருக்காளா, போதும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கிழவி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். கிழங்கை மேடம் என்னிடமே கொடுத்துவிட்டார். அவித்துத் தின்றேன். தொண்டையில் இறங்கத்தான் இறங்கியது. அதையும் சொல்ல வேண்டும் இல்லையா?

மூன்றாம் மாடியில் கெடாவிலிருந்து வந்த ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருந்தது. பெரிய படிப்பு, மேடத்தின் கீழ்தான். நான் தரை துடைக்கப் போனால் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு என்னோடு பேசும். அதன் கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாக இருக்கும். கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல எல்லாம் ஒரே இடத்தில் கூட்டமாக, ஒன்றே ஒன்று மட்டும் தள்ளி மேலே.

"இது என்னா பாப்பா, இது மட்டும் தனியா நிக்குது?"

"அது ஒரு ஆளு ஆன்ட்டி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஆளு. அட்டையில போட்ட கோடு இல்ல, நாங்க கையப் பாத்து அளந்தது, எவ்ளோ சொறி வந்துச்சுன்னு காட்டுது."

மேடம் பின்னால் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. குனிந்து அந்தப் பிள்ளையின் தோளுக்கு மேலே கையை நீட்டி ஒரு தட்டுத் தட்டினார். தள்ளி நின்ற புள்ளியைக் காணோம். "இப்ப பாரு, எவ்ளோ அழகா இருக்கு" என்றார். பிள்ளை தூக்கி வைத்திருந்த காலைக் கீழே இறக்கியது.

அந்தப் புள்ளி யார் என்று எனக்குத் தெரியும். பாக்கியம்.

பாக்கியமும் நானும் செலண்டார் பக்கத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரைக்கும் ஒரே பெஞ்சு. தோட்டம் கைமாறிப் போன பிறகு இங்கே பிளாட்டிலும் பக்கத்துப் பக்கத்து வீடு. அவள் வாய்க்கு நேர் மாறு நான். "ஒனக்கும் சேத்து நாந்தான்டி பேசணும், ஊமச்சி" என்பாள். பேசவும் செய்வாள். அந்தக் கம்பெனியின் பேக்டரியில்தான் அவளுக்கு வேலை, சூடான அச்சிலிருந்து கையுறையை உருவி எடுக்கிற வேலை. புருஷன் பக்கவாதம் வந்து படுக்கையில். அவரைக் குளிப்பாட்டுவது, சோறு பிசைந்து ஊட்டுவது எல்லாம் அவள் கைதான்.

கம்பெனி ஒரு புதுக் கையுறை செய்தது. தோலைக் கடிக்காத கையுறை என்று பெயர். அது கடிக்கவில்லை என்று பல்கலைக்கழகம் சொல்ல வேண்டும். அதற்காகப் பேக்டரிப் பெண்களில் பத்துப் பன்னிரண்டு பேரை மேடம் சேர்த்தார். இரண்டு வாரம் தினமும் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டும். கையில் வேறு எதையும் பூசக் கூடாது. சாயங்காலம் ஆனால் ஒரு அட்டையில் கோடு போட வேண்டும், அரிப்பு உண்டா இல்லையா என்று.

பாக்கியத்தைச் சேர்த்துவிட்டது நான். மேடம் கேட்டார், கண் கொடுத்தவர் கேட்டார், தலையை ஆட்டினேன்.

மூன்றாம் நாளே அவளுக்கு அரிப்பு. ஐந்தாம் நாள் விரலிடுக்கெல்லாம் நீர்க்கொப்புளம். ஆனால் அட்டையை வாங்கிப் பார்த்தால், எல்லா நாளும் "இல்லை" என்று கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

"ஏன்டி பொய் போட்டுருக்க?"

"அந்தப் பொண்ணு நம்ம வீட்டு வரைக்கும் வந்து, தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, அக்கா ஆன்ட்டின்னு கூப்புட்டுக் குடுத்திருக்கு. ஒன் கையொற கடிக்குதுன்னு மூஞ்சில அடிச்ச மாரி எழுதுவாங்களா? நாளைக்கு நம்ம பக்கம் வர்றது நின்னுரும்லா."

அவளைத் திட்டவும் முடியாது. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசரிடம் போய் அரிப்பு என்று சொன்னால் வேலை வாங்குகிற மண்டோர் காதுக்குப் போகும், அரை நாள் கூலி போகும். நல்லா இருக்கேன் ஐயா என்று சொல்லியே வளர்ந்த வாய் எங்களுடையது. பிறகு விசாரித்தால் அட்டை வாங்கின பெண்கள் பாதிப் பேர் அப்படித்தான் போட்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு லேசாக வந்து போய்விட்டது. பாக்கியத்துக்கு நிற்கவில்லை.

அன்றைக்கு நான் பச்சை மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அவள் கை இரண்டிலும் பூசிவிட்டேன். சொறி என்றால் எங்களுக்கு அதுதான் தெரியும். எதையும் பூசக் கூடாது என்று சொன்னது சோப்பு, கிரீம், அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டோம். மஞ்சளை யாராவது மருந்தில் சேர்ப்பார்களா?

மறுநாள் மேடம் பேக்டரிக்குப் போனபோது அவள் கையைப் பார்த்திருக்கிறார். தோல் உரிந்து, மேலே மஞ்சள். சாயங்காலம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். உட்காரச் சொன்னார். ஏழு வருடத்தில் அந்த அறை நாற்காலியில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"பாக்கியம் ஆன்ட்டி மஞ்சள் பூசியிருக்காங்களே?"

"நான்தான் பூசிவுட்டேன் மேடம்."

"நல்ல மனசு ஒங்களுக்கு. அரிப்பு வந்த பெறகா பூசுனீங்க?"

"ஆமா மேடம். பெறகுதான்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். வரிசையாக "இல்லை, இல்லை, இல்லை."

"அவங்க கையால போட்ட கோடு ஆன்ட்டி. மஞ்சள் பூசுற நாள் வரைக்கும் அரிப்பே இல்ல. பூசுன மறுநாள் பாத்தா சொறி. அப்ப மொதல்ல எது?"

நான் வாயைத் திறந்தேன்.

"நாள் கெழம மாறிப்போயிருக்கும் ஆன்ட்டி. வயசாச்சுல்ல. கண்ணு வேற ஆபரேஷன் பண்ணீங்க, அந்த நேரம் நான் எவ்ளோ அலைஞ்சேன், நெனைப்பு இருக்கா?"

அவர் குரல் கொஞ்சம்கூட ஏறவில்லை. பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற குரல். என் தலை ஆடியது. எந்தக் கேள்விக்கு ஆடியது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கே தெரியாது. அவர் இங்கிலீஷில் நான்கு வரி எழுதினார். கீழே நான் தமிழில் என் பெயரை எழுதினேன். "அழகான கையெழுத்து ஆன்ட்டி" என்றார்.

அப்படித்தான் அந்தப் புள்ளி போனது. மஞ்சளால் வந்த சொறி, கணக்கில் சேராது. மற்றப் புள்ளிகள் எல்லாம் கூட்டமாக அழகாக நின்றன.

பாக்கியத்தின் கைகள் ஆறவில்லை. விரல் மடிப்பெல்லாம் வெடித்துவிட்டது. ரசம் பட்டால் துடிப்பாள். புருஷனுக்குச் சோற்றைக் கரண்டியால் மசித்து ஊட்டினாள். "கரண்டியப் பாத்து வாயத் தொறக்க மாட்றான்டி, கை வேணுமாம் தொரைக்கு" என்று சிரித்தாள். பேக்டரியில் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். லேப் பேப்பரில் கையுறையால் வந்தது என்று இருந்தால் வேறு வேலை தருவோம், வைத்தியமும் நாங்களே பார்ப்போம். இல்லை என்றால் கை ஆகாத ஆளை வைத்து என்ன செய்வது? மாதக் கடைசியோடு நின்றுகொள்ள வேண்டும்.

அந்தக் கெடாப் பிள்ளை சும்மா இருக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டது, கணக்கிலிருந்து ஒரு ஆளை எடுத்துவிட்டார்கள் என்று. விசாரிக்க ஒரு மலாய்க்கார அதிகாரி வந்தார். அட்டையில் பாக்கியமே "இல்லை" என்று போட்டிருப்பதால் அவள் பேச்சு எடுபடவில்லை. பூசின ஆளைக் கூப்பிடுங்கள் என்றார்.

"ஒன்னும் பெரிசாப் பேச வேணாம்டி" என்று பாக்கியம் முதல் நாளே சொல்லிக்கொடுத்தாள். "அரிப்பு மொதல்ல. கத்தால் டூலு. ரெண்டே வார்த்த. பாசார்ல மீன் வாங்குற மலாய் போதும்."

காலையில் நான் மேல்தளத்து அறைக்குப் போகும்போது மேடம் நடைபாதையில் நின்றார். நீலக் கயிறு. கோபமே இல்லை. என் சட்டைக் காலரில் ஒரு நூல் பிரிந்து தொங்கியது போல. நெருங்கி வந்து அதைப் பிடித்து மெல்ல இழுத்து எடுத்துவிட்டார். "போங்க ஆன்ட்டி. பயப்படாதீங்க" என்றார். உள்ளே வரவில்லை.

அதிகாரி மரியாதையானவர். மாச்சே என்று, அத்தையைக் கூப்பிடுவது போல, அழைத்தார். தண்ணீர் கொடுத்தார். மஞ்சள் முதலிலா, அரிப்பு முதலிலா என்று மெதுவாக மலாயில் கேட்டார். அந்த அறையில் அவரையும் என்னையும் தவிர யாரும் இல்லை. என்னை மிரட்ட ஒருவரும் இல்லை. நாக்கு நுனியில் அந்த இரண்டு வார்த்தை இருந்தது. அதன் ருசிகூடத் தெரிந்தது. நான் பெயர் எழுதிக் கொடுத்த காகிதம் அவர் முன்னால் இருந்தது. இப்போது மாற்றிச் சொன்னால் அன்றைக்குப் பொய் எழுதினாயா என்று கேட்பாரே என்று ஒரு பயம். ஏழு வருட வேலை போய்விடுமே என்று இன்னொன்று.

"தாக் இங்காட்" என்றேன். ஞாபகம் இல்லை.

அவர் இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சுலபமாக வந்தது.

பிறகு கெடாப் பிள்ளை படிப்பை விட்டு ஊருக்குப் போனது. கம்பெனியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து பெரிய ஹோட்டலில் விருந்து வைத்தார்கள். மேடத்துக்குப் பதவி ஏறியது, இன்னும் பெரிய இடத்துக்குப் போனார். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என்னை அவர் எடுத்துப் போடவில்லை. நான் ஒட்டினேன்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு அந்த அறையை விட்டு நான் இறங்கி வந்தபோது, வெயிலில் கேட்டுக்கு வெளியே பாக்கியம் நின்றுகொண்டிருந்தாள். கைகளில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"சொன்னியாடி?"

"சொன்னேன்."

"என்னான்னு சொன்ன?"

"அரிப்புதான் மொதல்லன்னு."

இவ்வளவு தெளிவாக, இவ்வளவு சட்டென்று நான் வாழ்நாளில் பேசியதில்லை.

"ஏ ஊமச்சி, பேசிட்டியாடி!" என்றாள். கைத்துணி இரண்டையும் பல்லால் இழுத்து அவிழ்த்தாள். அந்தக் கைகளால் என் கன்னத்தை வழித்து, தன் நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறிக்கப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் அழுத்தினாள். வெடிப்பிலிருந்து ரத்தம் கசிந்து அவள் நெற்றியோரம் இறங்கியது.

"சத்தம் வரலடி" என்று சிரித்தாள். "பரவால்ல, வந்ததா வச்சுக்க."